மலை வீடுகளில் எரிவாயுக் கணப்பு

பாலக்காடு மாவட்டத்தின் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் ஆகிய மலைப் பகுதிகளும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர், வட்டவடை, மூணாறு, தேவிகுளம் முதலிய ஊர்களும் ஆனைமலைத் தொடரையும் அதன் கிளைகளையும் சார்ந்தவை. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இவ்வூர்களில் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். மார்கழி, தை மாதங்களில் மூணாற்றைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் விடியற்கால உஷ்ணநிலை பூஜ்யத்தைத் தொடுவதும், சில ஆண்டுகளில் அதற்கும் கீழே இறங்குவதும் உண்டு. புல்லின் மீது உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும். இத்தகைய இடங்களில் வீட்டினுள் கணப்பு வைத்துக் கொள்வது ஆடம்பரம் அன்று. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் அது ஓர் அவசியமே.

தோட்டத் துரைமார்கள் தங்கியிருந்த பழைய பங்களாக்களில் சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்படுப்பையும், அதற்கு மேல் கூரையைத் துளைத்துச் செல்லும் கல் புகைபோக்கியையும் இன்றும் காணலாம். தொழிலாளர் குடியிருந்த லயங்களில் புகைபோக்கி எவரும் கட்டித் தரவில்லை. விறகின் புகை தகரக் கூரையின் இடுக்கு வழியாகவும் கதவின் சந்து வழியாகவும் தானே வழி தேடிக் கொண்டது. அதனால் கண்ணும் மார்பும் பாழாயின என்பது உண்மை. ஆயினும் புகை வெளியேறிய அந்தச் சந்துகளே வெளிக் காற்று உள்ளே வரவும் உதவின. இன்று லயங்கள் சீர்திருத்தப்படுகின்றன. புதிய வீடுகள் கான்கிரீட் கூரையும் இறுக மூடும் கண்ணாடி ஜன்னலும் கொண்டவை. விறகு இருந்த இடத்தில் எரிவாயு வந்துவிட்டது. சமையலுக்கு வந்த ஸிலிண்டரில் வெந்நீர் போடும் கீசரையும், அறையைச் சூடாக்கும் கணப்பையும் இணைக்கும் வழக்கம் தங்கும் விடுதிகளிலும் வசதியுள்ள வீடுகளிலும் பரவி வருகிறது. சந்துகள் அடைபட்ட அதே வேளையில், புகை கண்ணுக்குத் தெரியாத எரிபொருள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுசேர்வதால் விளையும் அபாயத்தைக் களப் பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் டாமன் என்னும் மலை ஊரில் நிகழ்ந்த துயரம் கேரள மக்கள் அனைவரையும் உலுக்கியது. கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற 15 பேர் அடங்கிய குழு ஒன்று முதல் நாள் இரவு அங்கே ஒரு விடுதியில் தங்கியது. பெரியவர் நால்வரும் குழந்தைகள் நால்வருமாக எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தனர். குளிர் கடுமையாக இருந்தமையால் அறையில் எரிவாயுக் கணப்பு ஏற்றப்பட்டது. ஜன்னல்களும் கதவும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. காலையில் எவரும் எழவில்லை. ஹெலிகாப்டர் மூலம் காட்மாண்டுவுக்குக் கொண்டு செல்லப்பட்ட எட்டுப் பேரும் இறந்துவிட்டதாக மருத்துவர்கள் அறிவித்தனர். தீ விபத்து நிகழவில்லை. ஸிலிண்டர் வெடிக்கவும் இல்லை. கணப்பு எரிந்த அறையில் காற்று வரவும் போகவும் வழியின்றி இருந்ததே அந்த மரணங்களுக்குக் காரணமாகக் கருதப்பட்டது.

எரிவாயுவுக்கு எவ்வளவு காற்று வேண்டும்

வீட்டு உபயோகத்துக்கு வரும் 14.2 கிலோ ஸிலிண்டரில் இருப்பது புரொபேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டிருப்பதால் சிறிய இடத்தில் பெரும் அளவு அடங்குகிறது. இக்கலவை ஒரு கிலோ முழுமையாக எரிவதற்குச் சமவெளியில் ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று தேவைப்படும். மூணாறு போன்ற 1,500 மீட்டர் உயரமுள்ள இடங்களில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்கே. ஆகவே அங்கு அதே ஒரு கிலோவுக்கு 15 கன மீட்டருக்கு மேல் காற்று வேண்டும். முழுமையாக எரிந்தால் விளைவன கரியமில வாயுவும் நீராவியும் ஆகும். ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட நீர் உண்டாகிறது என்பதைப் பலர் அறியார். எரிந்த பொருளை விட உண்டாகும் நீரின் எடை மிகுதியாக இருப்பது வியப்பாகத் தோன்றலாம். மிகுதி எடை காற்றிலிருந்து சேர்ந்த பிராண வாயுவின் எடையே.

மைக்கேல் ஃபாரடே இந்த நீரோடு நேரடியாகப் போராடியவர். இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களில் எண்ணெய் விளக்குகள் எரியும்போது உண்டான நீராவி, குளிர்ந்த கண்ணாடியில் படிந்து ஒளியை மறைத்தது. விளக்கின் புகையைக் குழாய் வழியாக வெளியே கொண்டு செல்லும் புகைபோக்கி ஒன்றை அவர் அமைத்தார். கண்ணாடி தெளிந்தது. அதே முறை பின்னர் எரிவாயு விளக்குகள் எரிந்த கட்டடங்களுக்கும் கொண்டு செல்லப்பட்டது. 1843இல் அதற்கான காப்புரிமையை அவருடைய தமையனார் ராபர்ட் பெற்றார். கணப்பு எரியும் அறையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தோடுகிறது, சுவர் ஈரம் கசிகிறது என்றால், எரிந்த வாயு வெளியே போகவில்லை என்பதற்கு அது கண்கூடான சான்று. களப் பணியாளர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் எவ்விதக் கருவியுமின்றிக் காணக்கூடிய அடையாளமும் இதுவே.

இனி ஒரு குளியலறையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 அடி அகலம், 6 அடி நீளம், 8 அடி உயரம் கொண்ட அறையில் 240 கன அடி, அதாவது 7 கன மீட்டருக்குச் சற்றுக் குறைந்த காற்று இருக்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி சூடேற்றும் கீசர் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு கிலோ வாயுவை எரிக்கும். காற்றில் பிராண வாயு 21 சதவீதம். அது 18 சதவீத அளவுக்குக் குறையும்போது ஜ்வாலை சீர்கெடத் தொடங்கும் என்று கொண்டு, அந்த அளவில் தானே அணைந்துவிடும் பாதுகாப்பு அமைப்பைச் சில நாடுகளில் கணப்புகளில் பொருத்துகின்றனர். 21இலிருந்து 18 என்பது ஏழில் ஒரு பங்குக் குறைவு. நம் குளியலறையில் ஏழில் ஒரு பங்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டர். கதவு, ஜன்னல், சந்து அனைத்தும் அடைபட்டிருந்தால் அந்த ஒரு கன மீட்டர் காற்றை அந்தக் கீசர் மூணாற்றில் நான்கு நிமிடத்துக்குள் தீர்த்துவிடும். நான்கு நிமிடத்தில் நிரம்பும் வெந்நீர் இரண்டு வாளிக்கும் குறைவு. கதவின் அடியில் சிறிது சந்து இருந்தால் இந்நேரம் நீளும். ஆனால் குளிர்காலத்தில் அந்தச் சந்தையும் சாக்குத் துணியால் அடைப்பதே வழக்கமாகிவிட்டது.

படுக்கையறையின் கணக்கு சற்று மெதுவானது. 10 அடிக்கு 10 அடி அறையில், நான்கு கிலோவாட் ஆற்றலுள்ள புகைபோக்கியில்லாக் கணப்பு, எல்லாம் அடைபட்ட நிலையில், முக்கால் மணி நேரத்துக்குள் அதே எல்லையைத் தொட்டுவிடும். உறங்குவோருக்கு இரவு எட்டு மணி நேரம் நீள்கிறது.

மணமற்ற விஷம்

காற்றுக் குறைந்த ஜ்வாலையில் கரி முழுவதும் எரிவதில்லை. கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மானாக்ஸைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதுமில்லை. பிராண வாயுவை உடலெங்கும் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்னும் இரத்தப் பொருள், பிராண வாயுவை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக இவ்வாயுவைப் பற்றிக் கொள்கிறது. ஆகவே காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும் இரத்தத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்துவிடும். பத்து லட்சத்தில் 200 பங்கு இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி தோன்றும். 800 பங்கு இருந்தால் முக்கால் மணியில் தலைசுற்றலும் குமட்டலும் வரும், இரண்டு மூன்று மணியில் உயிர் போகலாம். 1,600 பங்கானால் ஒரு மணி நேரமே போதும்.

உறக்கத்தில் இருப்பவர் தலைவலியை உணர்வதற்கு முன்பே மயக்கம் அடைகிறார். விழித்திருப்பவரும் கால்கள் துவண்டு கதவுத் தாழைத் திறக்க இயலாமற் போகிறார். குளியலறையில் கீசர் எரிய மயங்கி விழுந்தவர்களை வலிப்பு நோயாளர் என்று முதலில் தவறாகக் கருதிய நிகழ்ச்சிகளை இந்திய நரம்பியல் மருத்துவர்கள் தங்கள் இதழ்களில் எழுதியுள்ளனர். காய்ச்சல் இல்லாமல் வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் வாந்தியும் வருகின்றன, வெளியே வந்தால் தணிகின்றன, உள்ளே சென்றால் மீண்டும் வருகின்றன என்று எவரேனும் கூறினால், உணவு நஞ்சாயிற்றோ என்று ஐயுறும் முன்னர் அடுப்பையும் கணப்பையும் பார்த்தல் வேண்டும்.

இங்கே சுகாதாரப் பணியாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கோவிட் தொற்றுக் காலத்தில் ஊர்தோறும் வந்து சேர்ந்த, விரல் நுனியில் மாட்டும் பிராண வாயு அளவுகருவி, இந்த விஷத்தைக் கண்டுபிடிக்காது. பிராண வாயுவைச் சுமந்த ஹீமோகுளோபினையும் கார்பன் மானாக்ஸைடைச் சுமந்ததையும் அது வேறுபடுத்தி அறிவதில்லை. நோயாளி மரணத்தின் விளிம்பில் இருக்கையிலும் கருவி 98 என்று காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி எவரையும் வீட்டிலேயே படுக்க வைத்துவிடலாகாது. சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரின் இரத்தத்தில் சேர்ந்த விஷம் பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாகத் தூய பிராண வாயு அளித்தால் அந்நேரம் ஒன்று அல்லது ஒன்றரை மணியாகச் சுருங்கும். மயங்கியவரை வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்து, வாயுவை மூடி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்பும்போது, அறையில் என்ன எரிந்துகொண்டிருந்தது என்பதையும் மருத்துவரிடம் சொல்லி அனுப்புதல் வேண்டும். மீட்கச் செல்பவர் முதலில் கதவையும் ஜன்னலையும் அகலத் திறக்க வேண்டும். திறவாத அறைக்குள் நின்று ஆராய்வது அவரையும் வீழ்த்தும்.

எரிவாயுவை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறைச்சி சுட்ட கரியடுப்பை அறைக்குள் வைத்து உறங்கிய இருவர் இறந்தனர். கரி நன்றாகச் சிவந்துவிட்டது, புகை நின்றுவிட்டது, இனி உள்ளே கொண்டு போகலாம் என்று மலை மக்களிலேயே பலர் எண்ணுகின்றனர். புகையின்றிக் கனலும் கரியிலிருந்தே கார்பன் மானாக்ஸைடு ஏராளமாக வெளிவருகிறது.

குளிர் நாடுகளில் பொருத்தும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடிக்கணக்கான வீடுகள் எரிவாயுவால் சூடேற்றப்படுகின்றன. அங்குள்ள உலை அறையில் திறந்து எரிவதன்று. ஜ்வாலை உலோக அறை ஒன்றினுள் எரிகிறது. வீட்டுக் காற்று அந்த உலோகத்தின் வெளிப்புறத்தைத் தழுவிச் சென்று சூடேறுகிறது. எரிந்த வாயு தனிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலோ சுவருக்கு வெளியிலோ செல்கிறது. வீட்டார் சுவாசிக்கும் காற்றும் உலை சுவாசிக்கும் காற்றும் எங்கும் கலப்பதில்லை. நவீன உலைகளில் வெளியேற ஒரு குழாயும், வெளியிலிருந்து காற்றை உறிஞ்ச மற்றொரு குழாயும் உண்டு. விசிறி சுழலாவிட்டால், அல்லது குழாய் அடைபட்டால், வாயு தானே நின்றுபோகும்படி ஒரு சாதனமும் உள்ளே இருக்கிறது.

பழைய முறையில் உலை அறைக் காற்றையே உபயோகிக்குமானால், ஒரு கிலோவாட் ஆற்றலுக்கு ஏறத்தாழ 4.8 கன மீட்டர் இடம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதற்குக் குறைந்தால் கூரையை ஒட்டி ஒன்றும் தரையை ஒட்டி ஒன்றுமாக இரண்டு திறப்புகள் வைத்தாக வேண்டும். இரண்டும் ஓர் அடி தூரத்துக்குள் அமைய வேண்டும் என்று கூட வரையறுத்துள்ளனர். இவ்விதியை நம் கீசருக்குப் பொருத்திப் பார்த்தால் அதற்கு 60 கன மீட்டர் இடம் வேண்டியிருக்கும். மேலே கணக்கிட்ட குளியலறையைப் போல் ஒன்பது அறைகள்! ஆகவே புகைபோக்கியில்லாக் கீசர் குளியலறைக்குள் இருக்கக் கூடாது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. அதை வெளிப்புறத்தில், மழை படாத திறந்த தாழ்வாரத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் வழியாக உள்ளே கொண்டு வர வேண்டும். கூடுதல் குழாய்க்கு ஆகும் செலவு சொற்பமே. ஏற்கெனவே உள்ளே மாட்டிவிட்ட வீடுகளில், மாற்றி அமைக்கும் வரையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாளியை நிரப்பி, கீசரை அணைத்து, சற்று நேரம் கழித்த பின்னரே உள்ளே சென்று தாழிட்டுக் குளிக்கலாம்.

கணப்புக்கும் இதுவே நியாயம். புகைபோக்கி உடைய கணப்பை வாங்குவதே சிறந்தது. குழாய் வெளியேறும் வாய் ஜன்னலுக்குக் கீழோ, அடுத்த வீட்டுக் கதவுக்கு நேரேயோ இருக்கலாகாது. லயங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை என்பதால் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். குழாய் படுக்கையாகச் செல்லும் பகுதி, ஓர் அடிக்குக் கால் அங்குல வீதம் வெளிநோக்கி ஏறிச் செல்ல வேண்டும். வெப்ப வாயு மேலே ஏறும் இயல்புடையது. குழாய் தாழ்ந்து சென்றால் வாயு திரும்பி அறைக்கே வரும். பறவைக் கூடு அடைத்துக் கொள்ளாமல் வாயில் வலை இடுவதும், மழைக்காலம் கழிந்ததும் ஒருமுறை திறந்து பார்ப்பதும் அவசியம். புகைபோக்கியில்லாக் கணப்பைத்தான் உபயோகிக்க வேண்டியிருந்தால், மக்கள் விழித்திருக்கும் அறையில், மேலும் கீழும் திறப்புகள் இருக்க, உபயோகித்து, படுக்கும் முன் அணைத்துவிட வேண்டும். கார்பன் மானாக்ஸைடு இருப்பதை ஒலி எழுப்பி அறிவிக்கும் சிறு கருவி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது. தங்கும் விடுதிகள் அதைப் படுக்கையறையில் வைப்பதைப் பஞ்சாயத்துகள் வற்புறுத்துவது நன்று.

ஸிலிண்டரும் உயரமும்

சமவெளிக்கென்று துளையிடப்பட்ட ஜெட், மலையில் ஜ்வாலைக்கு மிகுதியான வாயுவையும் குறைந்த காற்றையும் அளிக்கும். இதன் பொருட்டு அமெரிக்காவில் 2,000 அடிக்கு மேற்பட்ட இடங்களில், கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஆயிரம் அடிக்கு 4 சதவீதம் வீதம் சாதனத்தின் வாயு அளவைக் குறைப்பது பழைய வழக்கம். 5,000 அடி உயரத்தில் அது 20 சதவீதம் ஆகும். கோயம்புத்தூரிலோ பாலக்காட்டிலோ வாங்கிய கணப்பை மூணாற்றுக்கு ஏற்றிச் செல்வோர், அது அவ்வுயரத்துக்கு உரியதா என்று தயாரித்தவரின் குறிப்பில் பார்த்து, விநியோகஸ்தரின் மெக்கானிக்கைக் கொண்டே பொருத்திக் கொள்ள வேண்டும். ஜ்வாலை நீலமாக, உறுதியாக நிற்க வேண்டும். மஞ்சளாகச் சோம்பி அசைவதும், பாத்திரத்தின் அடியில் கரி படிவதும் காற்றுப் போதாமையைக் காட்டும். ஆயினும் நீல ஜ்வாலை கண்டவுடன் ஐயம் முழுவதும் நீங்கிவிட்டதாகக் கொள்ள இயலாது. அடைபட்ட அறையில் நீல ஜ்வாலையும் நேரம் செல்லச் செல்லக் கெடும்.

மலைக் குளிர் ஸிலிண்டரையும் பாதிக்கிறது. புரொபேன் பூஜ்யத்துக்குக் கீழ் 42 டிகிரியிலும் ஆவியாகும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழேயே திரவமாக நின்றுவிடும். அன்றியும் வாயு வேகமாக எடுக்கப்படும்போது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொண்டு மேலும் குளிர்கிறது. ஆகவே தை மாத விடியலில், உள்ளே பாதி இருக்கும்போதே அடுப்பு மங்குகிறது. ஸிலிண்டர் தீர்ந்துவிட்டதோ என்று அதைக் கவிழ்ப்பதும், படுக்க வைப்பதும், கொதிநீர் ஊற்றுவதும், அடுப்பருகே நகர்த்துவதும் பல வீடுகளில் நடக்கின்றன. படுக்க வைத்த ஸிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியக் கூடியது. விளைவை ஊகித்துக் கொள்ளலாம். வெயில் ஏறும் வரை பொறுத்திருப்பதை விட நல்ல உபாயம் இதற்கு இல்லை.

இவ்வாயு காற்றை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தண்ணீரைப் போலப் படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஆகவே ஸிலிண்டரைத் தரை மட்டத்துக்குத் தாழ்ந்த இடத்தில் வைக்கலாகாது. சரிவில் கட்டப்பட்ட மலை வீடுகளில் அடித்தள அறை வசதியாகத் தோன்றினாலும் அது ஆபத்தான இடம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் மாடு வளர்ப்போர் வைத்திருக்கும் சாண எரிவாயுவின் இயல்பு வேறு. அது காற்றை விடச் சற்றே இலேசானது, வெப்பமும் குறைவு, ஆகவே அதற்குரிய ஜெட்டும் வேறு. ஒன்றின் அடுப்பை மற்றொன்றில் அப்படியே இணைக்கக் கூடாது.

எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. நாம் நுகரும் துர்நாற்றம் எதில் மெர்காப்டன் என்னும் பொருளைச் சேர்ப்பதால் வருவது. 1937 மார்ச் 18ஆம் நாள் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரின் பள்ளிக்கூடத்தில், தரைக்கடியில் கசிந்து தேங்கிய மணமற்ற இயற்கை வாயு மின்பொறியால் வெடித்து, மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் இறந்தனர். அதன் பின்னரே வாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமாயிற்று. ஆனால் வாயு எரிந்தபோது அந்த நாற்றமும் எரிந்துபோகிறது. கசிவை மூக்கு அறியும், கார்பன் மானாக்ஸைடை அறியாது. இவ்வேறுபாடு மக்களுக்குச் சரியாகப் புரியவில்லை என்பது, “நாற்றமே இல்லையே, பின் எப்படி?” என்று கேட்பதிலிருந்தே தெரிகிறது.

இணைப்புகளைச் சோப்பு நீரால் சோதிக்க வேண்டும், தீக்குச்சியால் அன்று. எஃகுக் கம்பி பொதிந்த ஆரஞ்சு நிற ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கசிவு தெரிந்தால் மின் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

வகுப்பறையில் காட்டும் சோதனை

ஃபாரடே 1860ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய சொற்பொழிவு வரிசையில், ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டே சிறுவர்களுக்கு ரசாயனம் முழுவதையும் விளக்கினார். மேலே கூறியவற்றில் பெரும் பகுதியை ஆசிரியர்களும் அவ்வாறே காட்டலாம். ஒரு தட்டில் குட்டையான மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றி, தட்டில் விரற்கடை அளவு நீர் ஊற்றி, மண்ணெண்ணெய் விளக்கின் நீண்ட சிம்னியை அதன் மேல் நேராக நிறுத்த வேண்டும். சிம்னியின் அடி நீரில் மூழ்கியிருப்பதால் கீழிருந்து காற்று வராது. மேல்வாய் திறந்தே இருந்தும், ஜ்வாலை சிறிது நேரத்தில் மங்கி அணைந்துவிடும். கண்ணாடியின் உட்புறத்தில் பனித்துளி போல நீர் படிந்திருப்பதையும் மாணவர் காண்பர். ஒரு திறப்பு இருந்தும் ஏன் அணைந்தது என்று அவர்களையே கேட்கலாம்.

பின்னர் அட்டையை ஆங்கில எழுத்து ‘டி’ வடிவில் வெட்டி, அதன் நடுக்கால் சிம்னியின் வாய்க்குள் தொங்கி, வாயை இரு பாதியாகப் பிரிக்கும்படி வைத்து, மெழுகுவர்த்தியை மீண்டும் ஏற்ற வேண்டும். இம்முறை ஜ்வாலை அணையாது. புகையும் ஊதுவத்தி ஒன்றை வாயருகே பிடித்தால், அட்டையின் ஒரு பக்கத்தில் புகை உள்ளே இழுக்கப்படுவதும், மறு பக்கத்தில் மேலே தள்ளப்படுவதும் தெளிவாகத் தெரியும். அட்டையை மெல்ல எடுத்துவிட்டால் ஜ்வாலை மீண்டும் துவளும். சிம்னி கிடைக்காத பள்ளிகளில் அரிக்கேன் விளக்கின் அடித் துளைகளை ஈரத் துணியால் பாதி மூடிக் காட்டலாம். ஜ்வாலை மஞ்சளாகி, கண்ணாடி கரி பிடிக்கும். மூடும் முன்னர் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொள்ள வேண்டும். சோதனை முடிந்ததும், அவரவர் வீட்டில் கீசரோ கணப்போ இருக்குமானால், அந்த அறையில் காற்று எங்கே வருகிறது, புகை எங்கே போகிறது என்று படம் வரைந்து வரும்படி மாணவரிடம் சொல்லலாம். ஓர் அம்புக்குறியாவது வரைய முடியாத வீடுகளின் பட்டியலை ஆசிரியர் களப் பணியாளரிடம் கொடுத்தால், அவர் முதலில் செல்ல வேண்டிய வீடுகள் எவை என்பது தெரிந்துவிடும்.